பதினான்கு சாக்பீஸ் கோடுகள்

ஹார்ம்ஸ் வீட்டுப் பியானோவில், நடுவிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது வெள்ளைக் கட்டையை அழுத்தினால் அந்த வீட்டுத் தலையணை உறைகள் முனகின. இது தெரியவந்தது 1955 மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை. முனகல் அதற்கு முன்பே இருந்தது. எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாமலிருந்தது.

அந்த வீட்டுப் பெண் இம்கேவுக்கு அப்போது பதினான்கு வயது. ஈஸ்டருக்குப் பிறகு பிரேமன் நகரத்து இசைப்பள்ளியில் நுழைவுத் தேர்வு. அவள் வாசிக்க வேண்டிய இசைத் துண்டில் அந்தக் கட்டை நாற்பத்தொரு முறை வருகிறது. (இரண்டாம் முறை எண்ணியபோது எனக்கு நாற்பத்திரண்டு வந்தது.) ஒவ்வொரு முறையும், பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ வலி பொறுப்பது போல ஒரு சத்தம். நாளடைவில் அவள் விரல் அந்தக் கட்டையில் பட்டும் படாமலும் எழும்பத் தொடங்கியது. இது பழகிவிட்டால் பிரேமனை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவளுடைய ஆசிரியை சொல்லிவிட்டார். அம்மா தாலேயா ஜாம் பாட்டிலைச் சந்தேகித்தாள். குளிர்காலத்தில் அடுப்புச் சூட்டில் மரம் வெடிக்காமலிருக்க, எங்கள் ஊரில் பியானோ வைத்திருப்பவர்கள் அதன் அடிப்பலகைக்குள் ஒரு ஜாம் பாட்டிலில் தண்ணீர் வைப்பார்கள். பாட்டில் மரத்தில் உரசினால் அதிரும். தாலேயா பாட்டிலுக்குக் கம்பளிக் காலுறை மாட்டிப் பார்த்தாள், மூன்று முறை பாட்டிலை மாற்றினாள், கடைசியில் எடுத்தே விட்டாள். சத்தம் போகவில்லை. அதன் பிறகுதான் சுருதி சேர்ப்பவரான தெடிங்காவுக்கு ஆள் அனுப்பினார்கள்.

தெடிங்காவின் முறை எளியது. ஒருவர் கட்டையை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அவர் வீட்டிலுள்ள பொருள்கள்மேல் ஒவ்வொன்றாக உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். எதன்மேல் கை வைக்கும்போது சத்தம் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் விளக்குக் கண்ணாடியாகவோ படச் சட்டமாகவோ இருக்கும். அன்று சுவர்க்கடிகாரத்தில் கை வைத்தபோது சத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கடிகாரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்தார். நிலைக்கண்ணாடியில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. பிறகு விளக்கு, பாத்திர அலமாரி, கோட்டு மாட்டும் மரம், பித்தளை உரல், தேக்கரண்டிகள் ஆறு. மாடியில் படுக்கையறையில் இரண்டு தலையணை உறைகள். துணி அதிராது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கோடு போட்டார்.

"என்ன இது, ஆஸ்பத்திரியில நம்பர் ஒட்டுற மாதிரி ஒட்டிக்கிட்டே போறீங்க? எத்தன நோயாளி எங்க வீட்டுல?" என்று தாலேயா சிரித்தாள்.

"நோயாளி ஒண்ணுதாம்மா. உடம்புதான் பதினாலு எடத்துல கெடக்கு."

அவள் கணவன் ஹின்ரிக் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். போருக்குப் போய், ரஷ்யாவில் கைதியாக இருந்துவிட்டு 1949இல்தான் வீடு திரும்பியவன்.

"கோடு போட்டது எல்லாமே நான் இல்லாதப்ப வந்த சாமானா இருக்கே. எங்க வாங்குன?"

"மீன் மண்டியில. ஊரே வாங்குச்சு, நான் மட்டுமா?"

தெடிங்கா பியானோவின் இடக்கோடியிலிருந்த முதல் கட்டையை உருவி எடுத்தார். சுருதி சேர்ப்பவர்கள் தங்கள் பெயரையும் தேதியையும் அந்தக் கட்டையின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதி வைப்பது வழக்கம். அதிலிருந்தது அவருடைய கையெழுத்தேதான். 'தெடிங்கா, அக்டோபர் 1936, வால்க் வீடு.' ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு, கட்டையை இருந்த இடத்திலேயே பொருத்தினார்.

வால்க் என்பவர் ஆலைச் சந்தில் இருந்த யூத மாட்டு வியாபாரி. வீட்டில் ஐந்து பேர். 1940 பிப்ரவரியில் ஊரிலுள்ள யூதர்கள் எல்லோரையும் வெளியேற உத்தரவு வந்தது, அவர்கள் கைப்பெட்டிகளோடு போனார்கள். அடுத்த மாதம் அவர்கள் வீட்டுச் சாமான்கள் மீன் மண்டியில் ஏலத்துக்கு வந்தன. அங்கே வாங்கிய திரைச்சீலைகளில் இரண்டு கோடை காலம் வரை மீன் நாற்றம் போகவில்லை என்கிறார்கள். நகராட்சிப் பதிவேட்டில் அந்த ஐந்து பெயர்களுக்கு எதிரே 'வெளியேறினர்' என்று மட்டும் இருக்கிறது. வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை, நான் சரியாகத் தேடாமலும் இருந்திருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளி மூன்று கோப்பை தேநீர் குடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட வேண்டும். தெடிங்கா முதல் கோப்பையிலேயே கரண்டியைப் போட்டார். உள்ளே இம்கே இன்னும் கட்டையை அழுத்திக்கொண்டிருந்ததால் கரண்டி கோப்பைக்குள் முனகியது.

"இன்னும் ரெண்டு கோப்பை இருக்கே," என்றாள் தாலேயா.

"எனக்குப் போதும். உங்க பியானோவுல ஒரு கோளாறும் இல்ல."

சனிக்கிழமை ஹின்ரிக் கோடு போட்ட பதினான்கையும் கைவண்டியில் ஏற்றி, கடல் ஏறியிருந்த நேரம் பார்த்துத் துறைமுகச் சுவரிலிருந்து தண்ணீருக்குள் தள்ளினான். மறுநாள் இம்கே கட்டையை அழுத்தினாள். வீடு அமைதியாக இருந்தது. எதிர்வீட்டு ஜன்னல்தான் படாரென்று திறந்தது.

"ஏ தாலேயா! உம்பொண்ணு தட்டுனா என் பீரோ பல்ல நறநறன்னு கடிக்குது! என்ன எழவு பியானோடி அது?" என்று கெசீனா கத்தினாள்.

"உன் பீரோ எங்கடி வாங்குனது, கெசீனா?"

ஜன்னல் மூடிக்கொண்டது. அந்தக் கோடை முழுவதும் அது திறக்கவில்லை. அந்த வாரமே மருந்துக்கடைக்காரரின் சூப்புக் கிண்ணம், பாதிரியார் வீட்டுக் கம்பளம், ஜெபத்தின் நடுவே மேயர் மனைவியின் கழுத்திலிருந்த நரித்தோல் என்று ஒவ்வொன்றாக முனகத் தொடங்கின. பதினான்கு தண்ணீருக்குள் போனதால் மிச்சமிருந்தவை அவற்றின் பங்கையும் சேர்த்து முனகுகின்றன என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் புரிந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடல் இறங்கிய ஒரு காலையில் ஹின்ரிக், மீனவர்கள் சேற்றில் தள்ளிச்செல்லும் சறுக்குப்பலகையை இழுத்துக்கொண்டு துறைமுகச் சுவரடிக்குப் போனான். திரும்பி வந்தபோது அவனிடம் பதின்மூன்று இருந்தன. ஒரு கரண்டி அகப்படவில்லை. கழுவி உலர்த்திப் பழைய இடங்களிலேயே வைத்தான். மற்ற வீடுகளில் சத்தம் தணிந்தது. துறைமுகச் சுவரின் கிழக்கு மூலையில் மட்டும் தண்ணீர் லேசாக முனகும். படகுக்காரர்கள் அங்கே நங்கூரம் போடுவதில்லை.

பிரேமனுக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது இம்கே கேட்டாள்.

"அம்மா, அந்த வால்க் வீட்டுலயும் பொண்ணு இருந்தாளா?"

"இருந்தா."

"வாசிப்பாளா?"

தாலேயா தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள். "ஜன்னல் தெறந்திருந்தா தெருவுக்கே கேக்கும். உன்னவிட நல்லா வாசிப்பா."

அன்றிலிருந்து இம்கே விரலைத் தூக்கவில்லை. நாற்பத்தொரு முறையும் கட்டையை அடிவரை அழுத்தி, முனகல் தானாக அடங்கும்வரை காத்திருந்து, பிறகே அடுத்ததற்குப் போனாள். துண்டு இரண்டு மடங்கு நீண்டது. இப்படி வாசித்தால் தோல்விதான் என்றார் ஆசிரியை. அவள் கேட்கவில்லை.

பிரேமனில் இருந்தது புதுப் பியானோ, போருக்குப் பிறகு செய்தது. மூன்று பேர் கொண்ட குழு. இம்கே அந்தக் கட்டையை முதன்முறை அழுத்தியபோது, நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியரின் கோட்டு உள்பையில் கடிகாரம் முனகியது. அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். துண்டு முடியும்வரை எடுக்கவில்லை. மற்ற இருவரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இம்கேவுக்கு இடம் கிடைத்தது. 'கை உறுதியானது' என்று மட்டும் அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

இப்போதும் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மாலை நான்கு மணிக்கு அவள் வாசிக்கிறாள். எங்கள் தெருவில் அது தேநீர் நேரம். அந்தக் கட்டை வரும்போது அவரவர் பக்கத்திலிருக்கும் பொருளின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையால் கோப்பையைப் பிடித்தபடி வெங்காய விலையைப் பேசுகிறார்கள். போன வருடம் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த பள்ளி ஆசிரியர், இது எங்கள் ஊரின் சாப்பாட்டு மரியாதை என்றே நினைத்தார். ஒரு மாதத்தில் அவரும் வைக்கத் தொடங்கிவிட்டார். அவர் கை வைப்பது கட்டிலின் தலைப்பலகையில். அவர் குடிவந்தபோதே அந்த அறையில் கட்டில் கிடந்தது.