கொத்தனாரம்மா மகளின் சுண்டுவிரல்

ஐந்தாம் வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரத்தில் கொத்தனாரம்மாவின் மகள் தன் இடது கைச் சுண்டுவிரலை ரப்பரால் அழித்துவிட்டாள். ரத்தம் வரவில்லை, வலியும் இல்லை. கணக்கு நோட்டில் ஓர் எட்டு லேசாகச் சாய்ந்துவிட்டதென்று ஒன்பது முறை அழித்து எழுதினாள். எட்டு நிமிர்ந்தது, விரல் போய்விட்டது. அடுத்த மாதம் ஒரு கூட்டல் தப்புக்கு இடது காது போனது, வரைபடத்தில் நதி பிசகியதற்குப் பின்னலில் பாதி. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டானிக் எழுதிக்கொடுத்தார். வீட்டிலிருந்த ரப்பரையெல்லாம் அம்மா சிமெண்ட் மூட்டைக்குள் ஒளித்தாள். பெண் எச்சில் தொட்டு அழித்தாள், முழங்கை போனது. முன்கை மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் அந்தரத்தில் நின்று நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவள் எழுதி முடித்த கணக்கு நோட்டை எல்லாரும் பார்க்கக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள். பள்ளிகளுக்கிடையிலான கணக்குப் போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம். தலைமுடியில் சிமெண்ட் தூளோடு கொத்தனாரம்மா போய் நின்றாள்.

"முத்து முத்தா எழுதுறாம்மா. இந்த நேரத்துல அவ மனசக் கலைக்காதீங்க" என்றார் டீச்சர்.

"உங்க நோட்டுல எம்பொண்ணு முழுசா இருக்கா டீச்சர். வீட்டுலதான் குறைஞ்சிக்கிட்டே வர்றா."

"கஷ்டப்பட்டாத்தானே முன்னுக்கு வர முடியும்?"

"கஷ்டத்தப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க" என்று கதவை அறைந்துவிட்டு வந்தாள். அதனால் ஒரு பலனும் இல்லை. அன்று மாலையே பெண்ணின் இடது தோள் போனது. இப்படியே போனால் போட்டியன்று பென்சிலைப் பிடித்த வலது கை மட்டும்தான் மிஞ்சும் என்று கொத்தனாரம்மாவுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை பள்ளி லீவு. பென்சிலோடு தனியாக விட்டுப்போகப் பயந்து மகளை வேலைக்குக் கூட்டிப்போனாள். மூன்றாம் மாடியில் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்த பெண் பத்து மணிக்கே கண்டுபிடித்துவிட்டாள்: "அம்மா, கோணல்." உண்மைதான். சுவருக்கு நேர் பிடிக்கும் நூலை அம்மா ஒரு ஓரத்தில் ஒரு ஆணி தாழக் கட்டியிருந்தாள்; செங்கல் வரிசை அந்தப் பக்கம் அரை இஞ்ச் இறங்கியிருந்தது. அதற்குள் மேஸ்திரியும் ஏறி வந்துவிட்டார்.

"என்னக்கா, சுவரு தள்ளாடுது? காலையிலயே ஊத்திக்கிட்டியா?"

சாரத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நூலத் தப்பாக் கட்டிட்டேன்" என்றாள் அம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி.

"இடிச்சுக் கட்டு."

"இடிக்க மாட்டேன். அரை இஞ்ச். மேல நாலு வரிசையில கலவையக் கூட்டி மட்டத்துக்குக் கொண்டாந்துடுவேன். சாயந்திரம் மட்டம் வெச்சுப் பாரு. தப்பிருந்தா அப்ப வந்து கத்து."

பெண் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது அம்மாவின் கைகளை. சுண்ணாம்பும் சிமெண்டும் தின்ற கைகள், ஒரு நகம் பிளந்திருந்தது. எண்ணினாள். பத்து விரலும் இருந்தன. மறுபடி எண்ணினாள். மாலையில் மேஸ்திரி மட்டம் வைத்தார், குமிழி நடுவில் நின்றது.

போட்டியன்று நாலாவது கணக்கு தப்பாகிப் போனது. பெண் அதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்துவிட்டுக் கீழே புதிதாகப் போட்டாள். மேற்பார்வைக்கு வந்த வேறு பள்ளி டீச்சர் இரக்கப்பட்டு ரப்பரை நீட்டினார்.

"வேணாம் மிஸ். நான் போட்ட தப்புதானே, இருக்கட்டும்."

பரிசு எதுவும் வரவில்லை. நோட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முதலில் தோள் வந்தது, பிறகு முழங்கை, காது, பின்னல். சுண்டுவிரல் கடைசியாக, ஒரு மழைநாளில் சோற்றைப் பிசையும்போது, தட்டைப் பிடித்திருந்த இடது கையில் வந்தது. வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. அம்மா சுவருக்கு நேர் பார்க்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். ஒரு நூல் வித்தியாசம்.

"இடிச்சுக் கட்டிடலாமா?"

"தொட்டுப் பாரு, தெரியும்" என்றாள் மகள், வாயில் சோற்றோடு.

தூக்குக்குண்டு பைக்குள் போனது. விரல் அப்படியேதான் இருக்கிறது.