கப்பல் போகட்டும்

அப்பாவின் தாடையைக் கட்ட எவாந்தியா வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தபோது சுற்றுலாக் கப்பல் சங்கு ஊதியது. அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் நடுங்கி நின்றன. அவள் நிமிரவில்லை. துணியை மோவாய்க்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிந்தாள். அப்பா பந்தெலிஸின் கன்னத்தில் இன்னும் லேசான சூடு இருந்தது. விடியும்போது தண்ணீர் கேட்டவர், அவள் கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

தம்பி லெஃப்டெரிஸ் மாடியேறி வந்தான். கீழே அவர்களுடைய சாப்பாட்டுக்கடை. அதற்கென்று தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தான்.

"நான் சாமியார் வீட்டுக்குப் போய் கோயில் மணியடிக்கச் சொல்லிட்டு வரேன். நீ ஒயின் எடுத்து வை, உடம்பைத் துடைக்கணும்," என்றாள்.

"கொஞ்சம் இரு அக்கா."

"எதுக்கு இருக்கணும்?"

அவன் கடல் பக்கம் கையைக் காட்டினான். மலைமேல் இருக்கிற கோயிலைவிட உயரமாகக் கப்பல் வந்து நின்றிருந்தது. அதன் வயிற்றிலிருந்து சின்னப் படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கரைக்குப் புறப்பட்டுவிட்டன.

"மணி அடிச்சா அடக்கம் முடியற வரைக்கும் துறையில ஒரு கடை திறக்கக் கூடாது. உனக்கே தெரியும். இந்த வருஷத்துக்கு இதான் கடைசிக் கப்பல். நமக்காக மட்டும் சொல்லல. பக்கத்துக் கடை ஸ்தமாட்டா இருக்கா, படகுக்காரங்க இருக்காங்க. சாயங்காலம் கப்பல் போயிடும். அப்புறம் அடிச்சுக்கலாம்."

"அதுவரைக்கும் இவரு?"

"இங்கயேதான் இருக்கப் போறாரு. எங்க போயிடப் போறாரு?"

கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். வைத்த சத்தத்தில் அவன் ஒரு அடி பின்வாங்கினான்.

"அப்பாவே இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாரு. இல்லைன்னு சொல்லு பாப்போம்," என்றான்.

அப்படித்தான் சொல்லியிருப்பார். அம்மா நல்ல குளிர்காலத்தில் செத்தபோது, துக்கம் கேட்க வந்தவர்களிடம் இந்த மனுஷன், "நல்லவ, சீசன்ல போகல," என்றார். வந்தவர்களும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஈஸ்டர் வரை எவாந்தியா அவரோடு பேசவில்லை. அப்புறமும் சாப்பிட வாங்க, மருந்தைக் குடிங்க என்கிற அளவில்தான் பேச்சு. இப்போது அவரைப் போட்டுத் திட்டவும் வழியில்லை.

கீழே போனாள். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கணவாய் மீன்கள் நேற்றே சுத்தம் பண்ணி வைத்தவை. மாவில் புரட்டி எண்ணெயில் போடப் போட அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஏறியது.

கல் படிகளில் கூட்டம் பொங்கி வழிந்தது. எல்லோர் கழுத்திலும் கப்பல் அட்டை, எல்லோர் கண்ணிலும் அவசரம். கோட்டை பார்த்தாயிற்று, கோயில் பார்த்தாயிற்று, கடலில் கால் நனைத்தாயிற்று, சாப்பாடு மட்டும் பாக்கி. இருபது நிமிஷத்தில் தர முடியுமா என்று ஒருத்தர். கழுதைச் சவாரி எங்கே என்று இன்னொருத்தர். லெஃப்டெரிஸ் மேசைக்கு மேசை பறந்தான். பாட்டுப் பெட்டியைச் சத்தமாக வைத்திருந்தான்.

அடுக்களை வாசலை ஒட்டிய மேசையில் வைக்கோல் தொப்பி போட்ட வயசானவர் ஒருவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேல உங்க வீடா? அங்கேருந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

"இன்னிக்கு முடியாதுங்க. அப்பா தூங்குறாரு," என்றான் லெஃப்டெரிஸ்.

"ஐயோ, அப்ப பாட்டைக் கொஞ்சம் குறைங்க தம்பி. பெரியவர் தூங்கட்டும்."

"பரவாயில்லைங்க," என்று சிரித்தான் லெஃப்டெரிஸ். "அவருக்குக் காது கேக்காது."

எவாந்தியா கரண்டியை எண்ணெய்க்குள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. பாட்டுப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விருந்தாளிகளுக்குப் புரியாத தங்கள் பாஷையில், நிதானமாக, பக்கத்துக் கடை வரை கேட்கும்படி சொன்னாள்:

"மேல எங்கப்பா பொணமா கெடக்குறாரு. விடியறப்பவே போயிட்டாரு. இவன் பாட்டுப் போட்டு மீன் விக்கிறான்."

லெஃப்டெரிஸ் வெளுத்துப்போனான். வைக்கோல் தொப்பிக்காரர் ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்து, "சாப்பாடு ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றார்.

பக்கத்துக் கடையில் ஸ்தமாட்டா ஒரு பெண்ணுக்கு மேசைவிரிப்பை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எவாந்தியாவைச் சின்ன வயசில் தோளில் போட்டு வளர்த்தவள். அவள் கை அப்படியே நின்றது. மூன்று விரல் கூட்டிச் சிலுவை போட்டுக்கொண்டாள். கடை வாசலில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், "கப்பல் போகட்டும் கண்ணு. போனதும் ஓடி வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு விரிப்பை மடிக்கத் தொடங்கினாள்.

ஸ்தமாட்டாவிடமிருந்து விஷயம் காபிக்கடைக்குப் போனது. காபிக்கடையிலிருந்து படகுக்காரர்களுக்கு. எவாந்தியா நின்று பார்த்தாள். ஒவ்வொருத்தராக அவள் பக்கம் திரும்பினார்கள், சிலுவை போட்டார்கள், வேலையைப் பார்க்கத் திரும்பினார்கள். ஒரு கதவும் மூடவில்லை.

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். ஒரு புட்டி ஒயினை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

தனியாகத்தான் துடைத்தாள். நெற்றி, கழுத்து, நெஞ்சு. வலை இழுத்து மரத்துப்போன உள்ளங்கைகள். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே துடைத்தாள். "போதுமா? நிறைஞ்சுதா?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கறுப்புக் கோட்டைப் போட்டுவிட்டுப் பொத்தான்களை மாட்டினாள்.

லெஃப்டெரிஸ் வந்து அறைக்கு வெளியே நின்றான். சட்டையெல்லாம் வேர்வை.

"இன்னும் நாலு மேசை பாக்கிக்கா. கேக்கிறாங்க. என்ன சொல்ல?"

"சமையக்காரி செத்துட்டான்னு சொல்லு."

அவன் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். உதடு கோணியது. உள்ளே வரப் போகிறான் என்று நினைத்தாள். கீழிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இறங்கிப் போனான்.

வெயில் சாய்ந்தபோது கடைசிப் படகும் ஆட்களோடு கப்பலுக்குத் திரும்பியது. அது கரையை விட்டதுதான் தாமதம், துறையில் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து மூடப்பட்டன. படியில் கால்கள் திமுதிமுவென்று ஏறின. எல்லோரும் கறுப்பு உடை. கையில் ரொட்டி, மெழுகுவர்த்தி, துளசிக் கொத்து. முன்னால் ஸ்தமாட்டா.

எவாந்தியா வாசல் நிலையை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கடையைப் பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேன் கண்ணு."

"நல்ல வியாபாரமா?"

பின்னால் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஸ்தமாட்டா மட்டும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"ஆமா," என்றாள். குரல் உடைந்தது. "ஆமாடி. நல்ல வியாபாரம்."

எவாந்தியா ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டாள். பெண்கள் கட்டிலைச் சூழ்ந்து உட்கார்ந்தார்கள். ஸ்தமாட்டாதான் ஒப்பாரியை எடுத்தாள். மலைமேல் கோயில் மணி ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அடிக்கத் தொடங்கியது.

மேற்கு வெயில் நேராக அப்பாவின் முகத்தில் விழுந்தது. மறைப்பதற்காக எவாந்தியா ஜன்னலுக்குப் போனாள். கப்பல் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. மணிச் சத்தம் கேட்டு அதன் தளங்களிலெல்லாம் ஆட்கள் வந்து குவிந்து தீவைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெளிப்பக்கம் திறந்து கிடந்த ஜன்னலின் மரக்கதவை எட்டிப் பிடிக்க அவள் கையை நீட்டினாள். கப்பலில் யாரோ பதிலுக்குக் கையசைத்தார்கள். அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர்களும், மேல்தளத்தில் இருந்தவர்களும் கையசைக்க ஆரம்பித்தார்கள்.