லோகநாதன் பேரில் ஒரு சாவி

'வெல்கம் லோகநாதன்' என்று திரையில் வந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். லோகநாதன் செத்து எட்டு மாதம் ஆகிறது. மணலி ரோட்டில் டேங்கர் லாரி அடித்துப் போனவர். ராயபுரம் ஷிப்பிங் ஆபீஸில் அவருடைய நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

2008இல் அது எனக்கு முதல் வேலை. எங்கள் கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று யார்டுக்காரர்களின் சர்வரை எங்கள் புரோகிராம் கேட்க வேண்டும். சும்மா கேட்டால் விரட்டிவிடும். ஒவ்வொரு கேள்வியோடும் நாற்பது எழுத்துச் சாவி ஒன்றைச் சேர்த்து அனுப்பினால், சாவி யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரைச் சொல்லி உள்ளே விடும். சாவியை எங்கே வைத்து அனுப்புவது என்று தெரியாமல் இரண்டு நாள் முட்டி மோதினேன். ஒருவழியாகத் திறந்தபோது, லோகநாதனின் பழைய சாவியையே போட்டிருந்தது உறைத்தது.

மேனேஜர் கிருஷ்ணப்பன் அதை ரத்து செய்துவிட்டு என் பேரில் புதுசு வாங்கச் சொன்னார். ஒரு ஆபீஸுக்கு ஒரு சாவிதான் கொடுப்பார்களாம்.

"நாளைக்கு ஒரு கன்டெய்னர் பொட்டி தப்பா பூட்ச்சுன்னா யாரம்மா கேப்பாங்க, செத்தவனையா?"

ரத்து செய்யும் பக்கத்தில், சாவி எப்போதெல்லாம் உபயோகமானது என்ற பதிவும் இருந்தது. தினமும் காலை ஆறு பத்துக்கு வேறெங்கிருந்தோ யாரோ அதே சாவியைப் போட்டிருந்தார்கள். லோகநாதன் செத்த மறுவாரத்திலிருந்து ஒரு நாள் தவறவில்லை. கிருஷ்ணப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். எவனோ திருடிவிட்டான் என்று கத்திய கிருஷ்ணப்பனே, லோகநாதன் வீட்டிலும் கம்ப்யூட்டர் வைத்திருந்ததைப் பிறகு ஞாபகப்படுத்தினார்.

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் லைனை ஒட்டிய வீடு. அவர் மனைவி பூவம்மா அக்கா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மாலை போட்ட படத்துக்குக் கீழே கம்ப்யூட்டர். மிஷினைப் போட்டதும் தானாக ஓடி சர்வரை ஒருமுறை தட்டி, வரும் பதிலைத் திரையில் காட்டும் சின்ன புரோகிராம் அதில் இருந்தது. சோதித்துப் பார்க்க அவர் எழுதியது. அதைத்தான் அக்கா தினமும் காலையில் போட்டுப் பார்த்திருக்கிறார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தப் பேரை மட்டும் எழுத்து எழுத்தாகக் கற்று வைத்திருந்தார்.

சாவியை ரத்து செய்யப்போகிறோம், இனிமேல் அந்தப் பேர் வராது என்று சொன்னேன். அக்கா அழவில்லை.

"ரேஷன் கார்டுல பேர அட்ச்சிட்டாங்க. ஓட்டு லிஸ்ட்டுல அட்ச்சிட்டாங்க. இது ஒண்ணுதாம்மா அவரு பேரச் சொல்லி உள்ள வுட்டுகினு கீது."

சர்வரே வேண்டாம், மிஷினைப் போட்டால் அந்த வரியை அதுவே காட்டும்படி எழுதித் தருகிறேன் என்றேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

"அது நீ சொல்றது, கண்ணு. இது அங்க கீறவன் பாத்துட்டு, அவருதான்னு நம்பி சொல்றான்."

டீ கொடுத்து அனுப்பும்போது, என் பொழப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், என்றைக்கு நிறுத்துவேன் என்பதை மட்டும் தன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

மறுநாள் சாயங்காலம் வரை தள்ளிப்போட்டேன். கிருஷ்ணப்பன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதும் ரத்து பட்டனை அமுக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் 'வெல்கம் யசோதரா' என்றது பாழாய்ப்போன சர்வர். எனக்கு என் பேரே பிடிக்கவில்லை.

அடுத்த நாள் ஆபீஸுக்கு வந்ததும் பழைய சாவியின் பதிவைத் திறந்தேன். ஆறு பத்து, அனுமதி இல்லை. ஆறு பதினாலு, அனுமதி இல்லை. ஆறு பத்தொன்பது. அந்தப் பழைய மிஷினை அணைத்து, மறுபடி போட்டு, அது எழுந்து வர அவ்வளவு நேரம் பிடிக்கும். பக்கத்தை உருட்டிக்கொண்டே போனேன். ஏழு மணி, எட்டு மணி, எல்லாம் அதே வரி. ஒன்பது இருபத்தைந்துக்கு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அடியில் இன்னொன்று வந்தது.