கோடி கொண்டுவரும் வண்டி

நடுவழியில் அணைந்துபோன வண்டி, சாவியைத் திருப்பியதும் ஒரு இழுப்பு இழுத்து அடங்கியது. மறுபடி திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும். அதற்கடுத்த திருப்பலுக்கு அதுவும் இல்லை. சின்னமனூரைத் தாண்டி, சாலையோரப் புளியமரத்தடியில், டீக்கடைக்கு எதிரே நின்றுகொண்டது கருத்தக்கண்ணனின் பழைய வெள்ளைக் கார். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“போச்சா?” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி மொக்கம்மாள்.

“போச்சு.”

அவள் மடியில் துணிக்கடைப் பை. பைக்குள் அரக்குப் பட்டு. காமயகவுண்டன்பட்டியிலிருந்து கிளம்பி, கம்பத்தில் துணிக்கடைக்காரரை வீட்டுக்கே போய் எழுப்பி, கடையைத் திறக்கவைத்து எடுத்தது. கருத்தக்கண்ணனின் ஒரே தங்கை சங்கிலியம்மாள் விடிகாலையில் வடுகபட்டியில் இறந்துவிட்டாள். வாசல் தெளிக்க எழுந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், அவ்வளவுதானாம். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வரவேண்டும். கோடி என்பது அதைத்தான். உடன்பிறந்தவன் கொண்டுவந்த கோடியைப் போர்த்தித்தான் அவளைத் தூக்குவார்கள்.

“பஸ்ஸப் பிடிப்பமா?”

“எந்தப் பஸ்ஸ?” என்று கையைக் காட்டினார். முகூர்த்த நாள். வாடகைக் கார் அத்தனையும் கல்யாணத்துக்குப் போயிருந்தன. அப்போதே இரண்டு பஸ் நிற்காமல் போயின. படிக்கட்டெல்லாம் பட்டுவேட்டியும் மல்லிகைப் பூவுமாகத் தொங்கின. அதற்குள் எழவு வீட்டுக் கோடியைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்கு மொக்கம்மாளுக்கும் மனசு வரவில்லை.

செல்போன் அடித்தது. தங்கை புருசன் மலைச்சாமி.

“மச்சான், எங்கன இருக்கீக?”

வேறு நாளாக இருந்தால் கூசாமல் ‘தேனி தாண்டியாச்சு மாப்ள’ என்றிருப்பார். கம்பத்தையே தாண்டாமல் அப்படிச் சொன்ன நாளெல்லாம் உண்டு. இன்றைக்கு நாக்கு புரளவில்லை.

“சின்னமனூர்ல நிக்கிறேன் மாப்ள. வண்டி நின்னுபோச்சு.”

அந்தப் பக்கம் கொட்டுச் சத்தமும் ஒப்பாரியும் கேட்டன.

“மேகம் கருகருன்னு இருக்கு மச்சான். மழை பிடிச்சிட்டா ஆத்துல தண்ணி வந்துரும், சுடுகாட்டுக்குப் போக முடியாதுங்கிறாக. இங்கன உள்ளூர்ல ஒங்க பங்காளி ஒருத்தரு இருக்காருல்ல? அவரு கோடி போட்டாப் போதும்னு பேசிக்கிறாக.”

“நீங்க என்ன சொன்னீக?”

“நீங்க வாங்க” என்று போனை வைத்துவிட்டார் மலைச்சாமி.

பங்காளி கோடி போடுவதா! ஏதோ மூன்று தலைமுறைக்கு முன்னால் பிரிந்துபோன வகை. நல்லது கெட்டதில் பார்த்தால் தலையாட்டுகிற மனிதன். அவன் கையால் வாங்கியா சங்கிலி கட்டிக்கொண்டு போவாள்?

ஆனால் யாரைக் குறை சொல்ல? தங்கை வீட்டு விசேஷம் ஒன்றுக்காவது அவர் நேரத்தோடு போனதுண்டா? தங்கை மகள் ஜோதிகாவுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடி வேண்டும், ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் சடங்குக்குச் சீர்த்தட்டோடு இவர் போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் வண்டி காலை வாரும். ஒவ்வொரு தடவையும் மலைச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு பந்தலைச் சுற்றிச் சுற்றி நடப்பார். ஒவ்வொரு தடவையும் சங்கிலி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். “எங்கண்ணன் வராம இங்கன ஒரு துரும்பு அசையாது. அவசரப்படுறவுக சாப்பிட்டுட்டுப் போங்க” என்பாள். மாமியார், கொழுந்தன், ஊர்ப் பெரியவர் என்றெல்லாம் பார்க்கமாட்டாள்.

இன்றைக்கு அப்படி மல்லுக்கு நிற்க அவள் இல்லை.

அவர் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார்.

இந்தச் சனியன் ஒரு மாதமாகவே இப்படித்தான். பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி லைட் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அது எரியவே இல்லை. லைட் எரியாததால் சார்ஜ் ஏற்றுகிற டைனமோ நல்லாயிருக்கு, பேட்டரிதான் கிழடு என்றார் மெக்கானிக். இவரும் சரியென்று புதுசு மாட்டினார். புதுசும் இதோ படுத்துவிட்டது. வழியெல்லாம் தூறல். கரண்டை மிச்சம்பிடிக்க வைப்பரைக்கூடப் போடாமல், எதிர்க் கண்ணாடியை உற்று உற்றுப் பார்த்து ஓட்டியும் பிரயோஜனமில்லை.

புது பேட்டரியும் இறங்குகிறதென்றால் பேட்டரி மேல் என்ன குற்றம்? அதற்குச் சோறு போகவில்லை, அவ்வளவுதானே? பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். விறைப்பாக இருந்தது. திராட்சைத் தோட்டத்து மோட்டாருக்காக வண்டியிலேயே கிடக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு, டீக்கடையில் நின்ற நாலு பேரைக் கூப்பிட்டார்.

“சாவுக்குப் போறோம்ப்பா. கொஞ்சம் தள்ளிவிடுங்க.”

டீ கிளாஸை வைத்துவிட்டு வந்தார்கள். மொக்கம்மாளும் பையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கித் தள்ளினாள். செகண்ட் கியரில் கிளட்சை விட்டதும் வண்டி குலுங்கி, இருமி, பிடித்துக்கொண்டது.

“மாரியாத்தா காப்பாத்திட்டா, எடுங்க! நிக்காமப் போயிருவோம்” என்று ஓடிவந்து கதவைத் திறந்தாள் மொக்கம்மாள்.

“இரு புள்ள. இது இப்படியே போனா வீரபாண்டிகூடத் தாண்டாது.”

என்ஜின் ஓட ஓட, மீட்டர் கம்பிகளைப் பேட்டரியில் வைத்துப் பார்த்தார். பதினொன்றரை வோல்ட். அப்புறம் சிவப்புக் கம்பியை டைனமோவின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டு முனையில் வைத்தார். பதினாலுக்கும் மேலே. அங்கே கரண்ட் பிறக்கிறது, இங்கே வந்து சேரவில்லை. நடுவில் இருப்பது ஒரே ஒரு வயர். அடுத்து, போல்ட்டில் ஒரு கம்பியும், அதன் மேலேயே மாட்டியிருக்கும் வயரின் வளையத்தில் ஒரு கம்பியுமாக வைத்தார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டுக்கும் நடுவில் மீட்டர் சைபர் காட்டவேண்டும். இரண்டுக்கு மேலே காட்டியது.

“இங்கனதான்” என்றார். போய் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.

மொக்கம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். “ஓடுறதப் போயி அணைக்கிறீகளே! ஒங்களுக்குப் புத்தி பெசகிப்போச்சா? மறுபடி கெளம்பலன்னா என்ன செய்வீக?”

“ஓடிக்கிட்டிருக்கையில இதக் கழட்ட முடியாதுடி.”

பேட்டரி வயரை எடுத்துவிட்டு, ஸ்பானரைப் போட்டு டைனமோவின் நட்டைக் கழற்றி, வளையத்தை உருவினார். அடியில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து, ஓடாக ஒட்டியிருந்தது. நகத்தால் கீறி மோந்து பார்த்தார். சந்தனம். சந்தனமும் குங்குமமும்.

ஸ்பானரைக் கீழே வைத்தார்.

போன மாதம் ஆயுதபூஜைக்கு இரண்டு நாள் முன்னால்தான் டைனமோவுக்குக் கார்பன் மாற்றி வாங்கி வந்திருந்தார். மாட்டாமல், அரிவாள், மண்வெட்டி, மீட்டர் எல்லாவற்றோடும் சேர்த்துப் பூஜையில் வைத்தார். அன்றைக்குச் சங்கிலி வந்திருந்தாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்து அரிவாளிலிருந்து ஆரம்பித்தவள் ஒன்றையும் விடவில்லை. டைனமோவைத் திருப்பி, பின்னால் இருந்த போல்ட்டைச் சுற்றி அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்தாள். “இனிமேயாச்சும் எங்க வீட்டுக்கு நேரத்துக்கு வந்து சேரு” என்று டைனமோவிடம் சொல்லிவிட்டு இவரைப் பார்த்துச் சிரித்தாள். சாயந்திரம் வண்டியில் மாட்டும்போது இவருக்குத் தெரியாமலா இருந்தது? அந்த இடம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று நன்றாகத் தெரியும். துணியைக்கூட எடுத்துவிட்டார். சுமங்கலி வைத்த பொட்டு, வைத்த அன்றைக்கே கூடப்பிறந்தவன் கையால் அழிப்பதா என்று துணியைக் கீழே போட்டுவிட்டு, அதன் மேலேயே வயரை மாட்டி நட்டை முறுக்கினார்.

மொக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

“சங்கிலி வச்சதா?”

“ம்.”

தேய்க்க எடுத்த உப்புத்தாள் அவர் கையிலேயே இருந்தது. தூறல் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. தங்கை செத்துக் கிடக்கிறாள், அவள் வைத்த பொட்டை இன்றைக்கா நான் சுரண்டவேண்டும்? கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியதை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

“அழிங்க” என்றாள் மொக்கம்மாள். “இத அழிச்சாத்தான் அவ மொகத்தப் பாக்க முடியும். அழிங்க.”

அவர் தேய்த்தார். மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. செம்பு பளபளவென்று தெரிகிற வரைக்கும் தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, ஊதிவிட்டு மாட்டி நட்டை முறுக்கினார். டீக்கடைக்காரர்கள் கூப்பிடாமலே வந்து தள்ளினார்கள். வண்டி பிடித்ததும் பேட்டரியில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஏறிப் பதினாலில் நின்றது. பானெட்டைச் சாத்திவிட்டு ஏறினார்.

வீரபாண்டி, பழனிசெட்டிபட்டி, தேனி என்று வண்டி ஒரு சிணுங்கல் இல்லாமல் போனது. மழை வலுத்தது. வைப்பரைப் போட்டார், பகலிலேயே ஹெட்லைட்டையும் போட்டார். லட்சுமிபுரம் வந்தபோது மொக்கம்மாள், “எடுத்திருப்பாகளோ?” என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் மிதித்தார்.

வடுகபட்டியில் தெருமுனை திரும்பியதும் கொட்டுச் சத்தம் கேட்டது. பாடை கட்டி முடித்து, மேலே தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். வாசலில் பங்காளிக்காரர் கக்கத்தில் ஒரு சேலைப் பொட்டலத்தோடு, யாரையும் பார்க்காமல், சுவரோரம் ஒதுங்கி நின்றார். பெரியவர்கள் முகமெல்லாம் கடுகடுவென்று இருந்தது. கருத்தக்கண்ணன் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடினார்.

வாசலை அடைத்துக்கொண்டு மலைச்சாமி நின்றிருந்தார். தோளில் ஈரத்துண்டு. இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றியிருந்தார்.

“மாமா!” என்று ஜோதிகா வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். “அப்பா யாரையும் உள்ள விடல மாமா. கோடியத் தொட்டா வெட்டிருவேன்னு சித்தப்பாவக்கூட அடிக்கப் போயிட்டாக. எம்மச்சான் வராம இங்கன ஒரு துரும்பு அசையாதுன்னு நிக்கிறாக.”

கருத்தக்கண்ணன் மலைச்சாமியை ஏறிட்டுப் பார்த்தார். மலைச்சாமி நகர்ந்து வழிவிட்டார்.

சேலையைப் பிரித்துத் தங்கை மேல் போர்த்தினார். கால்மாட்டில் ஒரு பக்கம் ஏறியிருந்தது, இழுத்துச் சரிசெய்தார். முகத்தைத் தொட்டுப் பார்த்தார். பெண்கள் மாரடித்து அழுதார்கள். குளிப்பாட்டத் தூக்கும்போது ஆண்களை வெளியே போகச் சொன்னார்கள்.

வெளியே வந்து பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி இந்த வீட்டுக்கு எந்த உரிமையில் வருவது என்று தோன்றியது. நாளை பால் தெளிப்பார்கள், அப்புறம் கருமாதி. அதற்கப்புறம்?

தெருவில் கார் கதவு திறந்தபடி, யாரும் இல்லாமல், மழைக்குள் உறுமிக்கொண்டிருந்தது. அணைக்க மறந்திருந்தார். மலைச்சாமி நனைந்துகொண்டே போய், உள்ளே கையை விட்டு என்ஜினை அணைத்துச் சாவியை உருவினார். கதவைச் சாத்தினார். திரும்பி வந்து கருத்தக்கண்ணன் பக்கத்தில் நின்றார். சாவியை அவரிடம் நீட்டவில்லை. தன் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.