ஹருகோ என்று யாரும் இல்லை

ஹிரோஷிமாவில் அன்று ஆகஸ்ட் ஆறு, பொழுது சாயும் நேரம். படித்துறையில் விளக்கை வாங்கிப் பார்த்ததும் ஓக்சுனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குண்டு விழுந்த நாளில் எரிந்துபோன அம்மாவுக்கு எலும்புகூட மிஞ்சவில்லை, கல்லறையும் இல்லை. ஆண்டுக்கொரு முறை காகித விளக்கில் பெயரெழுதி ஆற்றில் வழியனுப்புவது ஒன்றுதான் மகளால் முடிந்தது. இந்த ஆண்டு தெருச் சங்கமே முந்திக்கொண்டு எல்லாப் பெயர்களையும் அழகாக அச்சடித்து வைத்துவிட்டது. அம்மாவின் விளக்கில் ‘அராய் ஹருகோ’ என்றிருந்தது.

“இது யாரு?” என்றாள்.

சங்கத் தலைவர் மொரிஷிகே சிரித்தார். “உங்கம்மாதான். பழைய பதிவேட்டுல அப்படித்தானே இருக்கு?”

“கொரியாக்காரங்க பேரைப் பிடுங்கிட்டு உங்க சர்க்கார் ஒட்டவெச்ச பேரு அது. எங்கம்மா பேரு பாக் சுன்-இ.”

“சமாதானத்துக்கான நாளும்மா. பழசைக் கிளறாதீங்க.”

“செத்தவங்களை நெனைக்கிற நாள்ல பழசைப் பேசாம புதுசையா பேசுவாங்க? சின்னப் பையனா எங்க பக்கத்து வீட்டுல இருந்தப்ப, ‘சுன்-இ அத்தை, இன்னும் கொஞ்சம் கிம்ச்சி’ன்னு தட்டை நீட்டினது எந்த வாய்?”

அவர் காது சிவந்தது. “வேற காகிதம் கிடையாது.”

ஓக்சுன் விளக்கின் காகிதத்தைக் கிழித்தாள். படையலுக்குக் கொண்டுவந்த அரிசி உருண்டைகளைப் பிரித்து, கடைப் பெயர் போட்ட உறையைச் சட்டத்தில் சுற்றினாள். ஒரு உருண்டையைப் பிய்த்துப் பசையாகத் தேய்த்தாள். வரவேற்பு மேசையில் கிடந்த தூரிகையை யாரையும் கேட்காமல் எடுத்து, கொரிய எழுத்தில் அம்மாவின் பெயரை எழுதினாள்.

“இதை இங்க யாரு படிக்கப் போறாங்க?” என்றார் மொரிஷிகே.

“படிக்க வேண்டியது எங்கம்மா ஒருத்திதான். அவளுக்கு இந்த எழுத்து மட்டும்தான் தெரியும்.”

விளக்கை நீரில் விட்டாள். அது நாலடி போய்ப் படிக்கல்லில் முட்டி நின்றது. சிக்கும் விளக்குகளைத் தள்ளிவிடுவது தலைவரின் வேலை. மூங்கில் கழி அவர் கையில்தான் இருந்தது. அவர் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் அவரிடம் கெஞ்சவில்லை. புதுச் செருப்போடு இடுப்பளவு நீரில் இறங்கி, விளக்கை இரு கைகளாலும் ஓட்டத்தில் சேர்த்தாள்.

“போம்மா,” என்றாள், கரையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. “இந்த வருஷமும் உன் பேர்லயே போ.”