ஒரே வண்டி, இரண்டு இடத்தில்

காலை எட்டு ஐம்பத்திரண்டுக்கு என் திரையில் சிவப்புக் கோடு விழுந்தது. ஒரே வண்டி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்கிறது, சேமிக்க முடியாது என்றது மென்பொருள். கணினியில் ரயில் ஓட்டி விளையாடுகிறவர்களுக்காக, பெங்களூரில் வைட்ஃபீல்டிலிருந்து கன்டோன்மென்ட் வரை ஓடும் வண்டிகளுக்கு அட்டவணை போடுவது என் பைத்தியம். தங்கவயலில், ரயில் புறப்படும் மாரிகுப்பத்தில் பிறந்தவன், ரயில் சத்தம் இல்லாமல் சோறு இறங்காது. அச்சடித்த நேரம் எனக்கு ஆகாது. வண்டி நிஜமாக நின்ற நேரம் வேண்டும். அதற்குத்தான் என் மனைவி ஆஞ்சலா இருந்தாள். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை. தினமும் அந்த வண்டியில் போகிறவள், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நேரம் பார்த்து வாட்ஸப்பில் அனுப்புவாள். இன்றும் வந்திருந்தது: 'கன்டோன்மென்ட் 8.51.'

அதே வண்டியில் கே.ஆர்.புரத்தில் ஏறும் நண்பன் சஞ்சய்யும் நேரம் அனுப்புவான். அவன் சொன்னபடி வண்டி இன்னும் பையப்பனஹள்ளியையே தொடவில்லை. தூங்கிவிட்டானா என்று திட்டத்தான் போன் போட்டேன்.

"இல்ல குரு, அரை மணி நேரமா சிக்னலே விழல. பாதிப் பேரு எறங்கி நடந்துட்டாங்க."

ஆஞ்சலாவின் பழைய செய்திகளைப் பார்த்தேன். மூன்று வாரமாக வைட்ஃபீல்டு நேரம் மட்டும் நாளுக்கு நாள் மாறியிருந்தது. அதற்கப்புறம் எல்லா ஸ்டேஷனுக்கும் அச்சுப் பிசகாத அதே இடைவெளி. எந்த ஊரில் ஓடுகிறது அப்படி ஒரு வண்டி? அதைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தவன் நான்.

அவள் நிஜமாகப் பார்த்து அனுப்பியது வைட்ஃபீல்டு நேரம் ஒன்றுதான். பைக்கை எடுத்துக்கொண்டு அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். வழியெல்லாம் கோபம். பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயமாக இருந்தது. அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"எப்பலேருந்து?"

"மூணு வாரமாவுது. ஆஸ்பத்திரியில ஆள் கொறச்சிட்டாங்க."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லலாம்னுதான் அன்னிக்கு வந்தேன். கதவத் தொறந்ததுமே, ஹூடி ஸ்டேஷன்ல வண்டி எத்தன நிமிஷம் நின்னுச்சுன்னு கேட்டீங்க."

அன்று அவள் என்ன புடவை கட்டியிருந்தாள் என்றுகூட ஞாபகமில்லை. ஹூடியில் இரண்டு நிமிடம் என்பது ஞாபகமிருந்தது.

அடுத்த வண்டி சத்தத்தோடு வந்து நின்றது. அவள் பழக்கத்தில் வாட்ச்சைப் பார்த்து, "ஒம்போது இருவத்தேழு" என்றாள்.

என் கை சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுவிட்டது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.