துப்பல்காரன் ஒனிசிம்

ஈஸா ஆற்றுப் பள்ளத்தாக்கில் அடுத்தவன் வீட்டு ஹொரின்காவை, அந்தப் பிளம் சாராயத்தை, ஒனிசிம் விழுங்கிப் பார்த்தவர் கிடையாது. வாயில் ஊற்றுவான், இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டுவான், பிறகு ஊற்றிக்கொடுத்தவன் காலடியிலேயே துப்புவான். "கழனித்தண்ணி" என்பான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனால் பின்வரிசையில்தான் நிற்பான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிளம் ஊறலைக் காய்ச்சி வடிக்கிற செப்புக் கொப்பரை ஊரில் அவனிடம் மட்டும்தான் இருந்தது. எல்லாரும் பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவன் கொட்டகைக்குத்தான் வர வேண்டும். அவன் வடித்ததையே அவன் துப்பினான். சரக்கு நன்றாக இருந்தால் அது அவன் கை. மோசமாக இருந்தால், "ஊறல் நாறினா கொப்பரை என்னய்யா பண்ணும்?" அந்த ஆளுக்கு அப்படி ஒரு வசதியான நியாயம்.

மற்ற மதுவெல்லாம் அவன் கணக்கில் மதுவே இல்லை. ஒயின் என்பது பிளம் மரம் இல்லாத ஊர்க்காரர்களின் தலையெழுத்து. அவன் தங்கை புளிப்புச் செர்ரியைச் சீனியில் ஊறவைத்து எடுப்பது இருமல் மருந்து. காட்டு அவுரிநெல்லியில் செய்வது பல் போன கிழவிகளுக்கு. பட்டணத்து விஸ்கி, தீப்பிடித்த வீட்டைக் கழுவிய தண்ணீர். இதையெல்லாம் சொல்லிவிட்டு மீசையை ஒதுக்கிக்கொண்டு தன் பீப்பாயிலிருந்து ஊற்றிக் குடிப்பான்.

அவன் வாயில் அதிகம் அரைபட்டவன் ட்ரிஃபோன். வடக்குச் சரிவில் தோட்டம். வெயில் பிந்தி வரும், பழமும் பிந்தித்தான் பழுக்கும். மழை கெடுத்த ஒரு வருஷம் பழத்தில் இனிப்புப் பற்றாமல் ட்ரிஃபோன் ஊறலில் கொஞ்சம் சீனி போட்டது உண்மை. செய்தவனே மறந்துபோனான், ஒனிசிம் மறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குச் சீனிமூட்டை வீடு என்று பெயர்.

அந்தச் சீனிமூட்டை வீட்டுப் பையன் சிமியோனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒனிசிமின் ஒரே மகள் ரஃபிலா சொன்னாள். தாயில்லாத பெண். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

"அந்த வடக்குச் சரிவுப் பன்னித்தீனிய வடிச்சுக் குடிக்கிறவனுக்கா?"

"அவனுக்குத்தான்."

"அவன் அப்பன் பாட்டில நான் விழுங்கணுமே! அது நடக்காது."

"நடக்கும்பா. ஓடிப்போறவ நான் இல்ல. நீங்க விழுங்குவீங்க, நான் வாசல் வழியாப் போவேன்."

அங்கே வழக்கம் அப்படி. பெண் கேட்டு வருகிறவர்கள் தங்கள் வீட்டு ஹொரின்காவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார்கள். பெண்ணின் தகப்பன் ஒரு மிடறு விழுங்கிவிட்டால் பெண்ணைக் கொடுத்தாயிற்று. அதை மாற்றப் பாதிரியாராலும் முடியாது. விருப்பமில்லாதவன் கிளாஸைத் தொடாமல் விட்டுவிடுவான். வந்தவர்கள் வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து போவார்கள். யாருக்கும் மானக்கேடு இல்லை.

அந்த இலையுதிர் காலத்தில் ஒனிசிம் கடைவாய்ப்பல் ஈறு வீங்கி, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டான். கொட்டகையில் அடுப்பு அணையவில்லை. ரஃபிலா பார்த்துக்கொண்டாள். "விறகு தள்ளத்தான் லாயக்கு. அந்த வாரம் காய்ச்சினவன் எல்லாம் என்னத்தக் கொண்டுபோனானோ" என்று பல்லைப் பிடுங்கிக் குணமான பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கொப்பரைப் பக்கம் எப்போதும் அவள்தான் உட்கார்ந்திருந்தாள் என்பதும், அவன் வாசலில் நின்று வாயடித்துக்கொண்டிருந்தான் என்பதும் அவன் நினைவுக்கு வருகிற விஷயங்கள் அல்ல.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு, கோவில் விட்டதும் பெண் கேட்டு வந்தார்கள். ட்ரிஃபோன், சிமியோன், பேசி முடிக்க ட்ரிஃபோனின் அக்கா பராஸ்கிவா. வேலியோரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றார்கள். ஒனிசிம் கதவை அகலத் திறந்து வைத்தான். கிளாஸைத் தொடாமல் விட்டுவிடுவது அவனுக்குப் போதாது. ஊர் பார்க்க ட்ரிஃபோனின் புது பூட்ஸ்மேல் துப்ப வேண்டும். அந்த ஆசையில் காலையிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பராஸ்கிவா தரையில் நாலு சொட்டு விட்டாள், செத்தவர்களுக்கு. பிறகு கிளாஸை நிரப்பினாள்.

"ஒனிசிம், இஷ்டமில்லன்னா தொடாம விட்டுடு. நாங்க எந்திரிச்சுப் போறோம். மனசுல ஒண்ணும் இல்ல."

"அவசரம் என்னக்கா? சீனி விலை எல்லாம் எப்படி இருக்கு?"

வேலியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ட்ரிஃபோன் தொப்பியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒனிசிம் பாட்டிலை எடுத்துக் குலுக்கினான். கழுத்தைச் சுற்றி நுரை முத்து கட்டியது, நல்ல சரக்கில் நிற்கிற மாதிரி கட்டியது அப்படியே நின்றது.

"சோப்பு போட்டிருக்கான்."

உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்தான். பழுத்த பிளம், அதன் பின்னால் உடைத்த கொட்டையின் வாசனை. மூக்கு ஒரு கணம் அங்கேயே நின்றுவிட்டது.

"எசன்ஸு. பட்டணத்துல விக்கிறான்."

"மூக்கால பொண்ணு கேக்க வரல, ஒனிசிம். தொடுறியா, விடுறியா?"

ரஃபிலா அடுப்போரம் பன்றிக்கொழுப்பைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். தகப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒனிசிம் கிளாஸைத் தூக்கினான். ட்ரிஃபோனின் பூட்ஸைப் பார்த்தான். வாய் நிறைய ஊற்றினான். இந்தக் கன்னத்துக்கு உருட்டினான், அந்தக் கன்னத்துக்கு உருட்டினான்.

அங்கேதான் கெட்டது காரியம். நாக்கில் சூடு ஏறியது, ஆனால் சுடவில்லை. பழம் வந்தது, கொட்டை வந்தது, கடைசியில் ஒரு மெல்லிய கசப்பு வந்து வாயைத் துடைத்துவிட்டுப் போனது. தன் பீப்பாயில் அவன் இத்தனை வருஷமாகத் தேடிய கசப்பு அது. துப்பு, துப்பு என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் நல்ல சரக்கைத் துப்பி அந்த வாய்க்குப் பழக்கமில்லை. தலைக்கனம் அத்தனையும் கன்னத்தில் உப்பிக்கொண்டு நிற்க, தொண்டை தன் பாட்டுக்கு ஏறி இறங்கியது.

ஊரே பார்த்தது.

"வழுக்கிடுச்சு" என்றான் ஒனிசிம்.

"நல்லாத்தான் வழுக்கிச்சு" என்றாள் பராஸ்கிவா. வேலியில் சிரிப்பு வெடித்தது. இந்தமுறை யாரும் அவனுக்காகச் சிரிக்கவில்லை. காலடியில் துப்பல் வாங்கியவர்கள் எல்லாரும் அங்கே நின்றார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ஒனிசிம் ட்ரிஃபோன் பக்கம் பாய்ந்தான். "ஏய், இது உன் சரக்கு இல்லடா! பழம் எங்க வாங்கின?"

"வடக்குச் சரிவுதான் அண்ணே. எங்க பழம். ஒரு துளி சீனி இல்ல."

"கொப்பரை?"

"உங்களுதுதான்."

"பொய்! என் கொப்பரைல இப்படி ஒண்ணு நான் வடிக்கல!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவன் காதில் விழுந்தது. கை தானாகக் கன்னத்துக்குப் போனது, பல் பிடுங்கிய பக்கத்துக்கு.

"நீ வடிக்கலன்னு ஊருக்கே தெரியும்" என்றாள் பராஸ்கிவா. "நீ பல்லப் பிடிச்சுட்டுப் படுத்திருந்த. வடிச்சது எங்க வீட்டு மருமக."

கத்திச் சத்தம் நின்றது. ரஃபிலா கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். சிமியோனைப் பார்க்கவில்லை, தகப்பனைத்தான் நேராகப் பார்த்தாள்.

"இன்னொண்ணு ஊத்தட்டுமாப்பா, துப்புறதுக்கு?"

ஒனிசிம் மீசையை ஒதுக்கிக்கொண்டான். பிறகு கிளாஸை நீட்டினான்.